ஒன்றே முக்கால் ரூபாய் முதல்: 'இந்து' பத்திரிகைக் கம்பெனியின் கணக்கும் சரித்திரமும்

பத்திரிகைகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பத்திரிகைக்காரர்களாகவே இருக்கிறார்கள். அதனால் எந்தத் தலையங்கம் எந்தக் கவர்னரை உலுக்கியது, எந்த ஆசிரியர் எப்போது ஜெயிலுக்குப் போனார் என்பதெல்லாம் விரிவாகக் கிடைக்கிறது. காகிதம் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது, அச்சுக்கூலி யார் கொடுத்தது, சந்தா வசூலானதா என்று கேட்டால் ஒரு வரிதான் மிஞ்சும். என்னைப் போல் வாழ்நாள் முழுவதும் பேரேடு புரட்டினவனுக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் பத்திரிகையும் ஒரு கடைதான். தினமும் கதவு திறக்கணும், தினமும் புதுச் சரக்கு வைக்கணும், ராத்திரிக்குள் விற்காவிட்டால் அத்தனையும் பழைய பேப்பர். இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கை வைத்துக்கொண்டு நூற்றைம்பது வருஷத்தை நெருங்குகிற ஒரு கம்பெனி நம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் வரவு செலவு வழியாக அதன் சரித்திரத்தைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

புனே மலருக்கு மெட்ராஸ் பத்திரிகை எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். படித்துக்கொண்டே வாருங்கள், இந்தக் கதையில் புனே மூன்று இடத்தில் வந்து போகும்.

தங்கசாலைத் தெருவில் எண்பது பிரதி

1878-ல் டி. முத்துசாமி ஐயர் மதராஸ் ஹைகோர்ட்டின் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். மதராஸில் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகளுக்கு இது பொறுக்கவில்லை, நியமனத்தைத் தாக்கி எழுதின. பதில் எழுத இந்தியர் கையில் ஆங்கிலப் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் கூடி, நாமே ஒன்று ஆரம்பித்தால் என்ன என்று முடிவு செய்தார்கள். திருவையாற்றைச் சேர்ந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், செங்கல்பட்டைச் சேர்ந்த எம். வீரராகவாச்சாரியார் இருவரும் ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள். டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்த், என். சுப்பாராவ் பந்துலு நால்வரும் சட்டம் படித்த மாணவர்கள். சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது 23 வயசு, வீரராகவாச்சாரியாருக்கு 21.

முதல் எவ்வளவு? ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா. அதுவும் கடன். 1878 செப்டம்பர் 20-ம் தேதி பிளாக் டவுனில், தங்கசாலைத் தெருவிலிருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் எண்பது பிரதிகள் அச்சாயின. வாரப் பத்திரிகை, எட்டுப் பக்கம், பிரதி நாலணா. தங்கசாலைத் தெரு என்றால் இன்றைய சௌகார்பேட்டை வட்டாரம். வடநாட்டுச் சமணப் பெருமக்கள் பட்டும் நகையும் பாத்திரமும் வியாபாரம் செய்கிற இடம். தமிழ்ச் சமணனான எனக்கு அந்தத் தெருவில் இன்னொரு வியாபாரமும் பிறந்தது என்பதில் ஒரு சந்தோஷம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றே முக்கால் ரூபாய் என்றால் 28 அணா. எண்பது பிரதியும் விற்றால் 320 அணா, அதாவது இருபது ரூபாய். காகிதத்தில் பார்த்தால் லாபம் கொழிக்கிற தொழில். ஆனால் பத்திரிகைத் தொழிலில் காகிதக் கணக்கு வேறு, கல்லாக் கணக்கு வேறு. சட்டம் படித்த நால்வரும் சீக்கிரமே வக்கீல் தொழிலுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் ஐயரும் ஆச்சாரியாரும்தான்.

ஒருவர் எழுதினார், ஒருவர் கணக்குப் பார்த்தார்

இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சுப்பிரமணிய ஐயர் ஆசிரியர். வீரராகவாச்சாரியார் நிர்வாகம். 1883-ல் பத்திரிகை வாரம் மூன்று முறை ஆயிற்று. அதே வருஷம் டிசம்பரில் மவுண்ட் ரோடு 100-ம் எண் கட்டடத்துக்கு மாறி, 'நேஷனல் பிரஸ்' என்ற சொந்த அச்சகத்தை வைத்தார்கள். அதுவும் கடன் வாங்கித்தான். 1889 ஏப்ரல் 1 முதல் தினசரி, மாலைப் பத்திரிகை. 1892-ல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு கொடுத்த கடனால் அந்தக் கட்டடம் சொந்தமாயிற்று.

இப்படி அடுக்கடுக்காகக் கடன் மேல் வளர்ந்த ஸ்தாபனத்தை நடத்துவது எத்தனை கஷ்டம் என்று தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். சுப்பிரமணிய ஐயரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், தகும். ஆனால் வீரராகவாச்சாரியாருக்கு இரண்டு வரிக்கு மேல் யாரும் ஒதுக்குவதில்லை. கடைக்கு முன்னால் நின்று பேசுகிறவரை ஊர் நினைவில் வைத்திருக்கும், உள்ளே உட்கார்ந்து ஐந்தொகை பார்க்கிறவரை மறந்துவிடும். இது எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான்.

சுப்பிரமணிய ஐயர் சொன்னதைச் செய்கிறவர். விதவை மறுமணத்தை எழுத்தில் ஆதரித்ததோடு நிற்காமல், 1889-ல் விதவையாகிவிட்ட தம் சொந்த மகளுக்கு பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். அன்றைய மதராஸ் சமூகத்தில் அது சாதாரணக் காரியம் இல்லை. பத்திரிகையை வாங்கிக்கொண்டிருந்த ஆசாரக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மானநஷ்ட வழக்குகளும் பணத்தைத் தின்றன. கூட்டாளிகள் இருவருக்கும் பத்திரிகையை எந்த வேகத்தில் நடத்துவது என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. 1898-ல் கூட்டு பிரிந்தது. 'இந்து' வீரராகவாச்சாரியாருக்கு, 'சுதேசமித்திரன்' சுப்பிரமணிய ஐயருக்கு. சி. கருணாகர மேனன் 'இந்து'வின் ஆசிரியரானார்.

புனேயின் இரட்டைப் பிள்ளைகள், மதராஸின் இரட்டைப் பிள்ளைகள்

இங்கே புனே முதல் தடவை வருகிறது. காங்கிரஸ் மகாசபையின் முதல் கூட்டம் 1885-ல் நம்ம புனேயில்தான் நடப்பதாக இருந்தது. ஊரில் காலரா பரவியதால் கடைசி நேரத்தில் பம்பாய்க்கு மாற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் 'இந்து' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர். காலரா வராமல் இருந்திருந்தால் அவர் குரல் புனேயில் ஒலித்திருக்கும்.

அதைவிட ஆச்சரியமான ஒற்றுமை ஒன்று உண்டு. 1881 ஜனவரியில் புனேயில் விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கர், திலகர், அகர்கர் முதலியோர் ஒரே வாரத்தில் இரண்டு பத்திரிகைகள் ஆரம்பித்தார்கள். ஆங்கிலத்தில் 'மராட்டா', மராத்தியில் 'கேசரி'. மதராஸில் 1878-ல் ஆங்கிலத்தில் 'இந்து', 1882-ல் தமிழில் 'சுதேசமித்திரன்'. இரண்டு ஊரிலும் ஆங்கிலம் ஒன்று, தாய்மொழி ஒன்று என்று இரட்டைப் பிள்ளைகள். இரண்டு ஊரிலும் ஆசிரியர்கள் வாத்தியார் வேலை பார்த்தவர்கள். 1908-ல் திலகரும் கைதானார், சுப்பிரமணிய ஐயரும் கைதானார்.

ஆனால் பிள்ளைகளின் ஆயுசைப் பாருங்கள். புனேயில் தாய்மொழிப் பிள்ளையான 'கேசரி' நிலைத்தது, ஆங்கிலப் பிள்ளையான 'மராட்டா' நின்றுபோனது. மதராஸில் நேர்மாறு. ஆங்கில 'இந்து' நிலைத்தது, பாரதியார் 1904-ல் வந்து வேலை பார்த்த 'சுதேசமித்திரன்' நின்றுபோனது. ஏன் இப்படி?

தமிழன் தாய்மொழியை மதிக்கவில்லை, மராட்டியன் மதித்தான் என்று மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கலாம். கணக்குப் பார்த்தால் விஷயம் வேறு. அன்றைய மதராஸ் ராஜதானி கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை, மலபார் உள்பட, தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று பல மொழி பேசிய பிரதேசம். கோழிக்கோட்டு வக்கீலுக்கும் ராஜமந்திரி பள்ளிக்கூட ஆசிரியருக்கும் தஞ்சாவூர் மிராசுதாருக்கும் பொதுவாக ஒரு பத்திரிகை விற்கணும் என்றால் அது ஆங்கிலத்தில்தான் இருக்க முடியும். ரயில் போகிற இடமெல்லாம் அதற்குச் சந்தை. மேலும் விளம்பரம் கொடுக்கிற பெரிய வியாபாரிகள், ஸ்பென்சர் போன்ற ஐரோப்பியக் கம்பெனிகள், ஆங்கிலம் படிக்கிற, கையில் காசு புரள்கிற வாசகனைத்தான் தேடினார்கள். புனேயைச் சுற்றியோ நாலாபக்கமும் மராத்தி. அங்கே தாய்மொழிக்குத்தான் சந்தை பெரிசு.

தமிழ்ப் பத்திரிகை தோற்றது என்றும் சொல்லக்கூடாது. 'சுதேசமித்திரன்' பண்டிதத் தமிழைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் ஆரம்பித்த 'தினத்தந்தி' டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது. வாங்குகிறவன் எங்கே இருக்கிறான், அவன் எந்த பாஷையில் கேட்கிறான் என்று தெரிந்துகொண்ட கடை பிழைத்தது. அவ்வளவுதான் ரகசியம்.

எழுபத்தையாயிரம் ரூபாய்

கூட்டு பிரிந்த பிறகு 'இந்து' இறங்குமுகமானது. வீரராகவாச்சாரியார் தனியாக ஏழு வருஷம் தள்ளினார். விற்பனை 800 பிரதிக்கு வந்துவிட்டது. 1905 ஏப்ரல் 1-ம் தேதி பத்திரிகை கைமாறியது. வாங்கினவர் கும்பகோணத்துப் பக்கம் இன்னம்பூரில் பிறந்து, கோயம்புத்தூரில் வக்கீல் தொழில் நடத்தி, பிறகு மதராஸ் வந்த எஸ். கஸ்தூரிரங்க ஐயங்கார். 1895 முதல் 'இந்து'வுக்கு சட்ட ஆலோசகர். விலை 75,000 ரூபாய்.

வாங்கினபோது அவருக்கு வயது 45. நாளுக்கு 800 பிரதி விற்கிற, கடனில் இருக்கிற பத்திரிகைக்கு எழுபத்தையாயிரம்! உறவினரும் நண்பரும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் பத்து வருஷமாக உள்ளே இருந்து பார்த்தவர் அவர். கட்டடமும் அச்சு யந்திரமும் மட்டும் சொத்தில்லை, 27 வருஷமாகச் சேர்ந்த பெயர்தான் பெரிய சொத்து என்று கண்டுகொண்டார். வியாபாரத்தில் இதை 'கடைப் பேர்' என்போம். ஐந்தொகையில் எழுத முடியாது, ஆனால் கடை விற்கும்போது விலை போகும்.

அவர் செய்த சீர்திருத்தங்கள் ஒவ்வொன்றும் கணக்கறிந்தவர் செய்தது. செலவு தாங்கவில்லை என்று முன்பு நிறுத்தியிருந்த ராய்ட்டர் தந்திச் செய்தியை மறுபடி வாங்கினார். வருமானம் இல்லாதபோது செலவைக் குறைப்பதுதான் எல்லாரும் செய்வது. இவர் சரக்கின் தரத்தைக் கூட்டினார். விளம்பரத்துக்கு இடம் கொடுத்தார். வியாபாரச் செய்தி, கோர்ட்டுச் செய்தி, விளையாட்டுச் செய்தி என்று வாசகனுக்கு அன்றாடம் தேவையானதைச் சேர்த்தார். சந்தா வசூலைக் கறாராக்கினார். கடனுக்குப் படிக்கிறவன் வாசகன் இல்லை என்பது அவர் கொள்கை போலும்.

வியாபாரச் செய்தியின் அருமை அடுத்த வருஷமே ஊருக்குத் தெரிந்தது. 1906 அக்டோபரில் மதராஸின் பெரிய ஆங்கிலேயக் கம்பெனியான அர்பத்நாட் திவாலானது. பென்ஷன்காரர், விதவை, சிறு வியாபாரி என்று ஆயிரக்கணக்கானோர் போட்டுவைத்த பணம் போயிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். வெள்ளைக்காரன் கம்பெனி என்றால் சர்க்கார் மாதிரி என்று நம்பினவர்கள் கண் திறந்தது. அந்த வேகத்தில்தான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முயற்சியால் 1907-ல் இந்தியன் பேங்க் பிறந்தது. இந்தியர் காசுக்கு இந்தியர் பேங்க், இந்தியர் செய்திக்கு இந்தியர் பத்திரிகை. இரண்டும் ஒரே தேவையிலிருந்து வந்தவை.

வருமானம் சரியானதும் என்ன ஆயிற்று என்பதுதான் கவனிக்க வேண்டியது. பயம் போயிற்று. 1919 மார்ச்சில் காந்திஜி ரௌலட் சட்டத்தை எதிர்க்க வழி தேடி மதராஸ் வந்தார். ராஜாஜியின் விருந்தினராகத் தங்கினார். அந்த பங்களா கஸ்தூரிரங்க ஐயங்காருடையது. ராஜாஜியை சேலத்திலிருந்து மதராஸுக்கு வரச் சொன்னவரும் அவர்தான். அங்கே தங்கியிருந்தபோதுதான் நாடு முழுவதும் ஹர்த்தால் அனுசரிக்கும் எண்ணம் காந்திஜிக்குத் தோன்றியது. 800 பிரதி விற்றுக்கொண்டு கடன்காரனுக்கு பதில் சொல்கிற பத்திரிகை முதலாளி இப்படி சர்க்கார் கோபத்தை விலைக்கு வாங்கியிருக்க முடியுமா?

1923-ல் அவர் காலமானார். கம்பெனியின் பெயர் 'கஸ்தூரி அண்ட் சன்ஸ்'. பிள்ளைகள் கே. சீனிவாசன், கே. கோபாலன். இதில் சீனிவாசன் 1934 முதல் 1959 வரை ஆசிரியர். 1940-ல் அமைந்த அகில இந்தியப் பத்திரிகை ஆசிரியர் மாநாட்டின் முதல் தலைவர் அவரே. 1947-ல் மதராஸில் பதிவான பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவின் முதல் தலைவரும் அவரே. மாலைப் பத்திரிகையாக இருந்தது காலைப் பத்திரிகையானது 1940-ல்.

முதல் பக்கம் யாருக்கு?

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் தெரியாது. 1958 ஜனவரி வரைக்கும் 'இந்து'வின் முதல் பக்கத்தில் செய்தி கிடையாது, விளம்பரம்தான். சுதந்திரம் வந்த செய்திக்கும் உள்ளேதான் போகணும். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை 1966 மே மாதம்தான் முதல் பக்கத்துக்குச் செய்தியைக் கொண்டுவந்தது. மதராஸ் அதைவிட எட்டு வருஷம் முந்திக்கொண்டது.

இதை அழகு சம்பந்தமான மாற்றமாக மட்டும் பார்க்கக்கூடாது. கடை வாசலில் யாரை உட்கார வைக்கிறோம் என்கிற கேள்வி இது. வாசகன் கொடுப்பது சில்லறை, விளம்பரதாரன் கொடுப்பது நோட்டு. வாசலை வாசகனுக்கு விட்டுக்கொடுப்பதற்கு மனசு வேணும், அதைத் தாங்குகிற முதலும் வேணும். இப்போது பண்டிகைக் காலத்தில் எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் முதல் இரண்டு மூன்று பக்கம் வீடு, கார், செல்போன் விளம்பரம். வாசலில் மறுபடி வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார்.

'சகாள்' வழக்கு

இங்கே புனே இரண்டாம் தடவை வருகிறது. 1932 ஜனவரி 1-ல் நானாசாகேப் பருளேகர் புனேயில் ஆரம்பித்த மராத்தி நாளிதழ் 'சகாள்'. சகாள் என்றால் காலை. 1956-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இன்ன விலைக்கு இத்தனை பக்கம்தான் போடலாம் என்று சர்க்கார் நிர்ணயிக்க அதிகாரம் கொடுத்தது. 1960-ல் அதன்படி உத்தரவும் போட்டார்கள். நோக்கம் நல்லதுதான். பெரிய பத்திரிகை சல்லிசு விலைக்கு நிறையப் பக்கம் கொடுத்துச் சின்னப் பத்திரிகையை நசுக்கக்கூடாது என்று.

'சகாள்' ஏழு நயா பைசாவுக்கு விற்றுக்கொண்டிருந்தது. உத்தரவுப்படி விலையை ஏற்றணும் அல்லது பக்கத்தைக் குறைக்கணும். விலை ஏறினால் ஏழை வாசகன் போய்விடுவான், பக்கம் குறைந்தால் செய்தி போய்விடும். பருளேகர் தரப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1961 செப்டம்பரில் கோர்ட் அந்தச் சட்டம் செல்லாது என்றது. எத்தனை பேருக்கு எவ்வளவு செய்தி போய்ச் சேருகிறது என்பதும் பேச்சுரிமையின் பகுதி, வியாபாரத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்ற பெயரில் அதைக் கட்டிப்போடக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். 1972-ல் நியூஸ்பிரிண்ட் காகித ஒதுக்கீட்டோடு பத்துப் பக்க வரம்பு வைத்த கொள்கையையும் பென்னட் கோல்மன் வழக்கில் கோர்ட் தள்ளியது. 'இந்து' உள்பட நாட்டிலுள்ள எல்லாப் பத்திரிகைக்கும் இந்த இரண்டு தீர்ப்புகளும் கவசம். அதில் முதல் கவசம் அடித்தது நம்ம புனேயில்.

பென்னட் கோல்மன் என்றால் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' கம்பெனி. 1838 நவம்பர் 3-ல் 'பாம்பே டைம்ஸ்' என்ற பெயரில் பம்பாயில் பிறந்தது, 1861-ல் இன்றைய பெயர் பெற்றது. ஆங்கிலேயர் கையிலிருந்து 1946-ல் ராமகிருஷ்ண டால்மியா வாங்கி, பிறகு அவர் மருமகன் சாகு சாந்தி பிரசாத் ஜெயின் குடும்பத்துக்கு வந்தது. 1944-ல் பாரதிய ஞானபீடத்தை நிறுவியவர் இந்த சாந்தி பிரசாத். அதன் விருதைத் தமிழில் 1975-ம் ஆண்டுக்கு அகிலனும் 2002-ம் ஆண்டுக்கு ஜெயகாந்தனும் பெற்றார்கள். சமணர் பணம் தமிழ் எழுத்துக்கு மாலை போட்டது நமக்குப் பெருமையே. ஆனால் 1990-களில் இதே கம்பெனி தில்லியில் பத்திரிகை விலையைக் குறைத்து, குறைந்ததை விளம்பரத்தால் ஈடுகட்டுகிற வழியைக் காட்டியது. மற்றவர்களும் பின்னால் போக வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வாசகன் கொடுக்கிற காசு காகித விலைக்குக்கூடக் காணாது என்ற நிலை. வியாபார புத்தி என்று பாராட்டலாம். முதலாளி வாசகன் என்பது மாறி, வாசகனே சரக்கு, வாங்குகிறவன் விளம்பரதாரன் என்றும் ஆகிவிட்டது. ஒரே மதத்தவர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

கள்ளக் கணக்கு

சமண இல்லறத்தாருக்கு விதித்த சத்திய விரதத்துக்கு ஐந்து குற்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதில் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய்ப் பத்திரம், பொய்க் கணக்கு எழுதுதல். வாயால் பொய் சொல்வதற்குச் சமமாக எழுத்தில் செய்கிற மோசத்தையும் வைத்தார்கள். வியாபாரிகள் நிறைந்த சமயமல்லவா!

பத்திரிகைத் தொழிலில் இந்தக் குற்றத்துக்கு இடம் எங்கே என்றால் விற்பனை எண்ணிக்கையில். லட்சம் விற்கிறது என்று சொல்லி விளம்பரக் காசு வாங்கிவிட்டு பாதியை எடைக்குப் போடலாம். இதைத் தடுக்கவே 1948-ல் பத்திரிகை முதலாளிகளும் விளம்பரதாரர்களும் சேர்ந்து ஏ.பி.சி. என்னும் தணிக்கை அமைப்பை ஏற்படுத்தினார்கள். செய்தியில் பொய் இருந்தால் வாசகன் கண்டுபிடிப்பான். எண்ணிக்கையில் பொய் இருந்தால் கணக்கன்தான் கண்டுபிடிப்பான். இரண்டு தணிக்கையும் வேணும்.

விமானத்தில் பறந்த பத்திரிகை

மாலைக்குள் பழசாகிற சரக்குக்குத் தூரமே பகை. 1963-ல் 'இந்து' சொந்தமாகச் சிறு விமானங்கள் வாங்கித் தென்னாட்டு ஊர்களுக்குப் பத்திரிகை அனுப்பியது. விமானச் சத்தத்திலேயே தூங்கி எழுகிற நம்ம விமான் நகர்வாசிகளுக்கு இது பிடிக்கும்! ஆனால் விமானத்துக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டுப்படியாகுமா? அதைவிடப் பக்கத்தைப் படமாக்கிக் கம்பி வழியாக அனுப்பி, அந்தந்த ஊரிலேயே அச்சடித்தால் என்ன என்று 1969-ல் கோயம்புத்தூரில் செய்து காட்டினார்கள். இந்தியாவில் அதுவே முதல். 1970-ல் பெங்களூர், அப்புறம் ஹைதராபாத், மதுரை. 1986-ல் செயற்கைக்கோள் வழியாக தில்லிப் பதிப்பு. 1995-ல் இணையத்தில் ஏறிய முதல் இந்தியப் பத்திரிகையும் இதுவே. பம்பாய்ப் பதிப்பு 2015 நவம்பரில் வந்தது. மகாராஷ்டிரத் தமிழர்களுக்கெல்லாம் சந்தோஷம். 2020-ல் கொரோனா காலத்து நஷ்டத்தில் அது நின்றுவிட்டது. புனே மூன்றாம் தடவை வருவது இங்கேதான். கதையில் வரவில்லை, இழப்பில் வருகிறது.

குடும்பக் கம்பெனிக்கே உரிய சங்கடங்களும் இல்லாமல் இல்லை. 2011-ல் ஆசிரியர் பொறுப்பைக் குடும்பத்துக்கு வெளியே கொடுப்பது என்று முடிவாகி சித்தார்த் வரதராஜன் ஆசிரியரானார். 2013-ல் குடும்பத்தார் மறுபடி பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். பிறகு திரும்பவும் வெளியார் ஆசிரியரானார்கள். நாலு தலைமுறைக்குப் பிறகும் பங்காளிகள் சொத்தை உடைத்து விற்காமல் இருக்கிறார்களே, அதுவே அபூர்வம். இந்தப் பத்திரிகை பிறக்கும்போது மதராஸில் கொடிகட்டிப் பறந்த 'மதராஸ் மெயில்' 1868-ல் ஆங்கிலேயர் முதலில் ஆரம்பித்தது. கடைசியில் இந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து, 1981-ல் மூடப்பட்டது. முதல் மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி.

1898-ல் பிரிந்த தமிழ்ச் சகோதரனும் வேறு உருவத்தில் திரும்பி வந்தான். 2013 செப்டம்பரில் இந்தக் குழுமம் தமிழ் நாளிதழ் ஆரம்பித்தது. இன்று 'இந்து தமிழ் திசை' என்று வருகிறது. 1882 முதல் எண்ணினால் 131 வருஷம்.

முடிவாக

இந்த ஐந்தொகையிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான். ஒரு பத்திரிகையின் வருமானத்தில் வாசகன் காசு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் தைரியம். வாசகர் கோபித்து விலகியபோது 1898-ல் ஒரு நல்ல ஆசிரியரே வெளியேற வேண்டியதாயிற்று. ஆக வாசகன் கையிலும் பாவம் உண்டு. தனக்குப் பிடிக்காத நியாயத்தை எழுதினாலும் சந்தாவை நிறுத்தாத வாசகன் வேணும். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முழுசும் தெரிந்ததாக நினைக்காதே என்பது எங்கள் அநேகாந்தவாதம். பத்திரிகை நடத்துகிறவருக்கு மட்டும் சொன்னதல்ல அது, படிக்கிறவருக்கும்தான்.

இன்று நம்ம பேட்டையில் ஐ.டி. கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் செய்தியைச் செல்போனில் இலவசமாகப் பார்க்கிறார்கள். இலவசம் என்று ஒன்று கிடையாது, வேறு யாரோ கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார் என்று கேட்கிற பழக்கம் வியாபாரிக்கு உண்டு, வாசகனுக்கும் வரணும். 'இந்து'வும் இணையத்தில் காசு கொடுத்துப் படிக்கச் சொல்கிறது. ஒரு காபி விலையை அதற்கோ, தமிழில் ஒன்றுக்கோ, இந்த ஊரில் வாழ்கிற நன்றிக்கு மராத்தியில் ஒன்றுக்கோ மாசாமாசம் கொடுக்கலாம். எந்தப் பத்திரிகை என்பது அவரவர் விருப்பம்.

1878-ல் நாலணா பெரிய காசு. ஒரு ரூபாயில் கால் பங்கு. அதைக் கொடுத்து யாரோ சிலர் அந்த எட்டுப் பக்கத்தை வாங்கினார்கள். அவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. ஆறு இளைஞர்களுக்கு உள்ள பங்கு அவர்களுக்கும் உண்டு என்று எழுதிவைத்து இந்தக் கணக்கை முடிக்கிறேன்.